இஷாப்பூர் த்ரீ நாட் த்ரீ: திருப்புளியைத் தொடுவதற்கு முன்

அப்பா ஆயுதப்படைக் காவலர். 'த்ரீநாட்த்ரீ' (.303 தோட்டா போடும் பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள்) என்பதை ஏதோ சொந்தக்காரர் பெயர் மாதிரிதான் சொல்வார். ஓஹையோவில் ஒரு துப்பாக்கிச் சந்தையில், கிரீடமும் 1943-ம் பொறித்த, வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்த லீ-என்ஃபீல்டைக் கண்டதும் என் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. அதற்கு முன் பார்த்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கைப்பிடி வைத்த உருளை) பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விற்பவர் "காலிதான்" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

அடுத்து முத்திரை. 'டி.பி.' என்றிருந்தால் கவாத்துக்கு ஒதுக்கியது. சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. முன்கட்டையில், அதாவது பேரலுக்கு அடியில் உள்ள மரத்தில், கம்பி சுற்றியிருந்தால் கிரனேடு வீசி அடிவாங்கியதாக இருக்கலாம், நான் தொட மாட்டேன். மேகசினுக்குள் மரத்துண்டு அடைத்திருந்தால் வேறு தோட்டா போடும் .410 மஸ்கெட்டாக மாற்றியது என்று சந்தேகப்படுங்கள்; .303 தோட்டாவை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

போல்ட் கைப்பிடி எண்ணும் உடல் எண்ணும் ஒன்றானாலும் ஹெட்ஸ்பேஸ் பார்த்தே ஆக வேண்டும். தோட்டாவின் விளிம்பு உட்காரும் அந்த இடைவெளி .064 முதல் .074 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் தோட்டாக்கூடு கிழிந்து வாயு முகத்துக்கு வரும். அதை அளக்கும் கேஜ் வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேரலின் உள்பக்கம் கறுப்பாக இருந்தால் உடனே ஒதுக்காதீர்கள். தேய்த்துவிட்டுப் பாருங்கள், பாதி நேரம் பழைய அழுக்குதான். அந்தக் காலத் தோட்டாவின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) துருப்பிடிக்க வைக்கும் உப்பை விட்டுப்போகும். எண்ணெய்க்கு உப்பு கரையாது. கொதிநீர் ஊற்றி, துடைத்து, அதன்பிறகு எண்ணெய்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். தோளில் பதிக்கும் அடிக்கட்டை ஆடியது. பின்தகட்டைத் திறந்து, நீளத் திருப்புளியை விட்டு, அடிக்கட்டையைப் பிடித்திருக்கும், உள்ளே இருந்த நீள மரை போல்ட்டை (மேலே சொன்ன போல்ட் அல்ல) திருகினேன். முன்கட்டையில் 'படக்' என்று ஒரு சத்தம். இந்த மாடலில் அந்த போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்புறத் தகட்டில் மாட்டியிருக்கும். திருகினால் மரம் பிளக்கும். ஆகவே எப்போதும் முன்கட்டையைக் கழற்றிய பிறகே அடிக்கட்டை. மூக்குப்பகுதியைக் கழற்றும்போது பேரலுக்கடியில் குட்டி ஸ்பிரிங் ஒன்று இருக்கும், கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

பிளந்ததை ஒட்டவைக்கும் முன் எண்ணெயை எடுக்க வேண்டும். எத்தனை சிப்பாய் கைகளின் எண்ணெயோ! அசிட்டோனில் துடைத்து, சாக்பொடி அப்பி, வெயிலில் வைத்தேன். பொடி பழுப்பாவது நிற்கும்வரை நான்கு முறை. எபாக்ஸி, குறுக்கே பித்தளை ஆணி, ஒரு நாள் இறுக்கிக் கட்டு. மேலே ஆளிவிதை எண்ணெய்; வார்னிஷ் கூடாது.

சுட்ட பிறகு முதல் ஐந்து காலிக்கூடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டு அடிப்பக்கம் வருடுங்கள். பள்ளம் தட்டினால் கூடு அங்கே கிழியப் பார்க்கிறது என்று அர்த்தம்; மறுபடி மெக்கானிக்கிடம்தான்.