சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் கை முதலில் போகும் பட்டன்

எங்கள் கடையில் வேலை பழகும் தம்பி போன வாரம் ஒருவரின் லப்டொப்பில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டுக்கொண்டிருந்தான். பாஸ்வேர்ட் அடித்ததும், சேர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தது. அதை அவன் வாசிக்கவே இல்லை. விதிவிலக்கை உறுதிசெய்யும் பட்டனை அமத்திவிட்டு, "சரி அண்ணா, வேலை செய்யுது" என்றான். பத்து வருசத்துக்கு முன் அதே கதிரையில் இருந்து நானும் இதைத்தான் செய்தேன். இந்த எச்சரிக்கை வந்ததும் வேலை பழகுபவர்கள் விடும் பிழைகளைத்தான் கீழே சொல்கிறேன். முகவரியில் எழுத்துப் பிழை விடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தானாகத் திருந்தும்.

விதிவிலக்குக் கொடுத்துவிட்டு எழும்புவது

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஓர் ஐயா. டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், அவருடையது, மின்னஞ்சல் இருந்ததோ பல பேருக்குப் பொதுவான ஹொஸ்டிங் சேர்வரில். நான் சேர்வர் பெயராக அவருடைய டொமைனைக் கொடுத்தேன். அந்தச் சேர்வர் நீட்டிய சான்றிதழிலோ ஹொஸ்டிங்காரரின் பெயர். அடையாள அட்டையில் ஒரு பெயரும் வாயில் இன்னொரு பெயருமாகப் போனால் சோதனைச் சாவடியில் விடுவார்களா? தண்டர்பேர்டும் விடவில்லை. நான் நிரந்தர விதிவிலக்கைக் கொடுத்து, காசையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த விதிவிலக்கு அந்த ஒரு சான்றிதழுக்கு மட்டுந்தான். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அப்போது தந்த இலவசச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அதைப் புதுப்பித்ததும் எச்சரிக்கை திரும்ப வந்தது, நானும் திரும்பப் போனேன். மூன்றாந்தரம் போகப் பஞ்சிப்பட்டு போனிலேயே சொன்னேன்: "ஐயா, அந்தப் பட்டனை அமத்துங்கோ, சரியாகிடும்."

அவர் நன்றாகப் பழகிக்கொண்டார். ஜூலை மாதம், எங்கள் கரையில் சீசன். கொழும்புக்குப் போன இடத்தில் யாரோ ஒருவரின் வைபையில் எச்சரிக்கை வந்திருக்கிறது. நடுவில் வேறொருவர் சேர்வராக நடித்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். பழக்கத்தில் அமத்தியிருக்கிறார். அந்தக் கிழமை முடிவதற்குள், அறை பதிவுசெய்திருந்தவர்களுக்கு அவருடைய முகவரியிலிருந்தே கடிதம் போனது: முற்பணத்தை இந்தப் புதுக் கணக்குக்குப் போடவும். இரண்டு பேர் போட்டும்விட்டார்கள். பாஸ்வேர்ட் அந்த வைபையில்தான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அமத்தச் சொல்லிப் பழக்கியது நான்.

நான் செய்திருக்க வேண்டியது இரண்டு நிமிச வேலை. எச்சரிக்கைப் பெட்டியிலேயே சான்றிதழைத் திறந்து பார்க்கலாம். அதில் உள்ள பெயரையும் கீழே மாற்றுப் பெயர்கள் என்று வருவதையும் வாசிக்க வேண்டும். கணக்குத் திறந்தபோது ஹொஸ்டிங்காரர் அனுப்பிய கடிதத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் பெயரையே சேர்வர் பெயராகப் போட வேண்டும். பயனர் பெயர் பழைய முழு முகவரிதான், அதைத் தொடக்கூடாது. அந்தப் பெயர் கடிதத்தில் இல்லாவிட்டால் பட்டனில் கை வைக்காமல் ஹொஸ்டிங்காரருக்கு எடுத்துக் கேளுங்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வரும், ஐயா மேல் அல்ல.

திகதியைப் பார்க்காமல் விடுவது

பழைய டெஸ்க்டொப்பில் கரண்ட் போய் வந்தால் திகதி பல வருசம் பின்னுக்குப் போய்விடும். அந்தக் கணக்கில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. மதர்போர்டில் இருக்கும் சீஆர் 2032 பற்றரியை மாற்றினால் சரி. இது தெரியாமல் ஒருமுறை விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். அரை நாள் போனது, திகதி அப்படியே இருந்தது.

அன்டிவைரஸைக் கழற்றி எறிவது

சான்றிதழை வழங்கியவர் என்ற இடத்தில் அன்டிவைரஸின் பெயர் இருந்தால், நடுவில் நின்று கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பது அதுதான். மெயில் சோதனையை மட்டும் நிறுத்துங்கள்.

பாதுகாப்பு: 'எதுவுமில்லை'

எச்சரிக்கை வராமலிருக்க இணைப்பு அமைப்பில் இதைத் தெரிவுசெய்வது வேண்டாம்.

வாங்கும் பக்கத்தை மட்டும் திருத்துவது

வாங்கும் சேர்வருக்கு ஒரு பெட்டி, அனுப்பும் சேர்வருக்கு வேறொரு பெட்டி. வாங்கும் ஐமெப்புக்குப் போர்ட் எண் 993, அனுப்பும் எஸ்எம்டிபிக்கு 465 என்றால், இரண்டுக்கும் பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அனுப்புவதற்கு 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். தம்பியை இருத்தி வைத்து அந்த லப்டொப்பில் சேர்வர் பெயரை மாற்றவைத்தேன். மத்தியானம் கொண்டுபோன மனிசன் பின்னேரமே வாசலில் நின்றார். கடிதம் வருகிறதாம், போகவில்லையாம்.