வனவிலங்கு நோய் ஆய்வைத் திருகோணமலையிலிருந்து தொடங்குவது எப்படி?

வனவிலங்கு நோய்களை ஆராய விரும்பும் மாணவர்களுள் பலர் யானையையும் சிறுத்தையையும் மனத்திற்கொண்டே வருகிறார்கள். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் மாட்டுப்பட்டி என்பதே என் கருத்து. பெரும்போகத்திற்கு வயல்கள் விதைக்கப்பட்டதும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளின் மாடுகளும் எருமைகளும் காட்டோர மேய்ச்சலுக்கு ஓட்டப்படுகின்றன. அறுவடை முடிந்தபின் தாள் மேய்வதற்கு வயலுக்குத் திரும்புகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அவை மானும் காட்டுப்பன்றியும் நீர் குடிக்கும் அதே குளத்தில் குடித்து, அதே புல்லிலிருந்து உண்ணிகளை ஏற்றிக்கொண்டு வருகின்றன. ஆகவே எந்தப் பட்டி எப்போது எங்கே சென்றது, எத்தனை பசுக்கள் கன்று வீசின (கருச்சிதைந்தன), எந்த நாளில் எது இறந்தது என்பவற்றைப் பட்டிக்காரரிடம் கேட்டுத் திகதியோடு எழுதுங்கள். அதுவே உங்கள் முதல் ஆய்வுக் குறிப்பேடு.

பிரித்தானியக் கால்நடை விஞ்ஞானி வால்ட்டர் பிளவ்ரைட்டின் பணியும் காட்டு விலங்கும் மாடும் சந்திக்கும் இத்தகைய எல்லையிலேயே நடந்தது. கென்யாவில் அவர் இழைய வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசியே, 1987 இல் இலங்கையின் மந்தைகளையும் தாக்கிய மாட்டுக்கொள்ளை நோய் 2011 இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்படுவதற்கு வழி திறந்தது. வைல்ட்பீஸ்ட் என்னும் காட்டு விலங்கு, தனக்குத் தீங்கு செய்யாத ஒரு வைரசைச் சுமந்து மாடுகளுக்கு உயிர்கொல்லி நோயைக் கொடுக்கிறது என்பதைக் காட்டியவரும் அவரே.

படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைக்காவிட்டால் விலங்கியலோ நுண்ணுயிரியலோ படித்தும் இத்துறைக்கு வரலாம். உண்ணிகளையும் ஒட்டுண்ணிகளையும் ஆழ்ந்து அறிந்தவர்கள் இத்துறைக்கு எப்போதும் தேவைப்படுகிறார்கள்.

களத்துக்குப் போகுமுன் விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான முற்காப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியையும் பெறுங்கள். 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இறந்து கிடக்கும் மானைக் கூட நினைத்தபடி அறுக்க முடியாது.

மாதிரி சேகரிப்பில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. நம் ஊர் வெயிலில் இறந்த உடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்குவதால், பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் புறப்படவே கூடாது. நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கான இழையத்தை ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில் வெட்டி, அதன் பருமனைப் போல் பத்து மடங்கு 10 சதவீத போர்மலினில் இடுங்கள். பிசிஆர் என்னும் மரபணுப் பரிசோதனைக்கு உரிய துண்டைப் போர்மலினில் இடாமல் தனிக் குப்பியில் குளிரில் வையுங்கள், ஏனெனில் போர்மலின் மரபணுப் பொருளைச் சிதைத்துவிடும். குருதியை முழுதாக உறைகுளிரில் வைத்தால் செல்கள் உடைந்துவிடும் என்பதால் முதலில் நீர்ப்பாயத்தை (சீரம்) பிரித்தெடுங்கள். மூக்கிலும் வாயிலும் உறையாத குருதி வடிந்திருக்கும் உடலை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அது அந்திராக்ஸ் என்னும் கொடிய பக்டீரியா நோயாக இருந்தால், காற்றுப் பட்டதும் கிருமி வித்திகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

முதல் ஆய்வுக்குத் திருகோணமலை நகரத்துப் புள்ளிமான்களை விடப் பொருத்தமான விலங்கை நான் காணவில்லை. பிரட்றிக் கோட்டையிலும் கோணேசர் கோயில் வழியிலும் அவை மனிதரை அஞ்சாமல் நிற்பதால், பிடிக்காமலும் மயக்காமலும் புதிய எச்சத்தைச் சேகரிக்கலாம். (அவை பொலித்தீனைத் தின்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) எச்சத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் கலந்தால் புழு முட்டைகள் மேலே மிதக்கும், சாதாரண நுணுக்குக்காட்டியில் அவற்றை எண்ணலாம். அருகில் மேயும் ஆடு மாடுகளின் சாணத்திலும் அவ்வாறே எண்ணி, வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். ஈரத்தில் புழுக்குடம்பிகள் பெருகுவதால் வேறுபாடு தெரிய வாய்ப்புண்டு. முடிவு கிடைத்ததும் கால்நடை வைத்தியருக்கும் ஆடு மாடுகளின் சொந்தக்காரருக்கும் அதைச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒரு கன்று காரணம் தெரியாமல் இறந்தால், புதைப்பதற்கு முன் அவர்கள் உங்களை அழைப்பார்கள்.