'டிக்' சத்தமும் எர்த் கேபிளும்

காரின் சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டிக்', இன்ஜின் அசையவில்லை. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, முகப்பு விளக்கும் மங்கவில்லை. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றச் சொன்னார் மெக்கானிக். எனக்கு அவ்வளவு அவசரமில்லை. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டார் அது. மின்சாரம் போய்வரும் பாதையில் கொஞ்சம் துரு இருந்தாலே மின்னழுத்தம் அங்கேயே வீணாகி, மோட்டாருக்குப் போதாமல் போய்விடும்.

கியரை நியூட்ரலில் வைத்து, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே பிடித்துக்கொண்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் மூன்றுக்கு மேல் காட்டியது! இன்ஜினையும் பாடியையும் இணைத்து, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் கேபிளின் போல்ட்டடியில் பச்சைப் பாசிபோல் களிம்பு.

நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கத் தேய்த்து இறுக்கி, மேலே வாஸலின் தடவினேன். மறுபடி சோதித்தபோது 0.2 வோல்ட், இன்ஜினும் உடனே பிடித்துக்கொண்டது. இந்த அளவு முதலிலேயே சரியாக இருந்திருந்தால், அடுத்து பாசிட்டிவ் கேபிளையும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சோலனாய்டையும், மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷையும் சந்தேகித்திருப்பேன்.