பேய்ப்படத்துக்குப் போஸ்டரும் டீசரும்: பேயைக் காட்டாமல் செய்வது எப்படி?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பின் கடைசி வருடத்தில் குறும்படம் எடுத்து முடித்த கையோடு நிறையப் பேர் ஒரு காரியம் செய்வார்கள். படத்தில் நன்றாக வந்த ஷாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே ரத்தம் சொட்டும் எழுத்தில் பெயரைப் போட்டு, "போஸ்டர் ரெடி மச்சி" என்று குரூப்பில் தட்டிவிடுவார்கள். பேய்ப்படம் என்றால் அந்த ஷாட்டில் பெரும்பாலும் பேயே நிற்கும். அப்புறம் படம் பார்க்க வருகிறவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

எங்கள் குழு எடுத்த 'குழவி' என்ற குறும்படத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பூட்டிக் கிடந்த பாட்டி வீட்டுக்கு ஒரு தம்பதி குடிவருகிறார்கள். கொல்லைப்புறத்தில் பழைய ஆட்டுக்கல். இரவில் யாரோ மாவாட்டும் சத்தம். விடிந்து பார்த்தால் குழியில் நிஜமாகவே மாவு. மீதி படத்தில்.

தேவையானவை: கேமராவை நாமே கையால் சரிசெய்யும் மேனுவல் மோடு உள்ள போன், ஒரு டிரைபாட், ஒரு டார்ச், ஒரு கம்ப்யூட்டர். மென்பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். போஸ்டர் வேலைக்கு கிம்ப், ஒலிக்கு ஆடாசிட்டி, எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு.

1. எதை மறைப்பது என்று முதலில் எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். படம் பார்க்கும் முன்பே தெரியலாம் என்பவை ஒரு பக்கம், தெரியவே கூடாதவை இன்னொரு பக்கம். எங்கள் படத்தில் வீடு, ஆட்டுக்கல், சத்தம், மாவு எல்லாம் தெரியலாம். மாவாட்டுவது யார் என்பதும், அந்தத் தம்பதி ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்பதும் தெரியக் கூடாது.

அடுத்து, தெரியலாம் என்ற பட்டியலைப் பங்கு போடுங்கள். எதை எதில் காட்டுவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். நாங்கள் போஸ்டருக்கு ஒரு சின்னக் கைத்தடத்தைக் கொடுத்தோம், டீசருக்குச் சத்தத்தை. இரண்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்று முடிவு செய்தோம். சேர்ந்தால் கெட்டிக்காரப் பார்வையாளர் கதையைப் பாதி ஊகித்துவிடுவார்.

மற்ற போஸ்டர்களைப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் எந்த நிறம், எந்த எழுத்து என்று பார்ப்பதைவிட ஒவ்வொன்றும் எதை மறைக்கிறது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். அதற்கு மேல் பார்த்தால் காப்பியடிக்கத்தான் தோன்றும்.

2. போஸ்டருக்கான போட்டோ

படப்பிடிப்பிலிருந்து ஒரு ஃப்ரேமை உருவிப் போஸ்டர் செய்யாதீர்கள். ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு ஃப்ரேம் 1920×1080 பிக்சல்தான். ஏ3 அளவில் நன்றாக அச்சாக 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3508×4961 பிக்சல் வேண்டும். போஸ்டருக்கென்று தனியாகப் போட்டோ எடுப்பதுதான் முறை.

எங்கள் போட்டோ மேலிருந்து எடுத்தது. நடுவில் குழவியின் தலை, சுற்றிலும் வெள்ளை மாவு, விளிம்பில் ஒரு குழந்தையின் உள்ளங்கைத் தடம். அவ்வளவுதான். இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது வெளிச்சம். டார்ச்சை மேலிருந்து அடித்தால் கல் தட்டையாகத் தெரியும். கல்லின் விளிம்புக்குச் சமமாகத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். கொத்திய பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் விழும். முந்தைய நாள் அரைத்துப் புளித்த மாவாக இருந்தால் அதிலுள்ள குமிழிகளும் அந்த வெளிச்சத்தில் தூக்கலாகத் தெரியும். வழுவழு என்றிருக்கும் புது மாவைவிட அது எவ்வளவோ மேல். பார்த்தாலே உள்ளே ஏதோ மூச்சு விடுவது போலிருக்கும்.

இரண்டாவது கைத்தடம். கிருஷ்ண ஜெயந்திக்குக் கால் தடம் வைக்க அரிசி மாவைக் கரைப்போமே, அதே பதம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையை அதில் தோய்த்து வைத்தோம், அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான். கை மட்டும் போதும், முகம் வேண்டாம். வைத்த உடனே தடம் சரியாகத் தெரியாது. ஈரமாக இருக்கும்போது அரிசி மாவு மங்கலாகவே இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். அதனால் காயும்வரை பொறுத்து எடுங்கள். கல்லின் மீதி இடங்களில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கல் கறுத்து, தடம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

போனை டிரைபாடில் வைத்து, ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 50 அல்லது 100இல் நிறுத்துங்கள். திரையில் மாவின் மேல் விரலை வைத்து ஃபோகஸைப் பூட்டி, வெள்ளையில் விவரம் தெரியும்வரை எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, குறையுங்கள். இருட்டைப் பிறகு கொஞ்சம் தூக்கிவிடலாம். வெளுத்துப்போன வெள்ளையை மீட்கவே முடியாது.

மனித உருவம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. அரையிருட்டில் ஷட்டரை 4 விநாடிக்கு வைத்து, நடிகரை 2 விநாடி அசையாமல் நிற்கச் சொல்லி, பிறகு சட்டென்று ஃப்ரேமை விட்டு விலகச் சொல்லுங்கள். உருவம் பாதி, பின்னாலிருக்கும் சுவர் பாதி என்று ஒன்றுக்குள் ஒன்று தெரியும். மென்பொருளில் ஒளிபுகும் உருவம் செய்வதைவிட இது நம்பும்படி இருக்கும்.

3. பெயரை எழுதுவது

பேய்ப்பட எழுத்து என்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துருக்கள். அதே சொட்டுச் சொட்டான பாணியைத் தமிழில் ஏற்றினால் புள்ளி எது, சொட்டு எது என்றே தெரியாது. கையால் எழுதுங்கள். கையெழுத்து நன்றாக இல்லை என்றால் பேய்ப்படத்துக்கு அது இன்னும் வசதி.

நாங்கள் சமையல் மேடையின் கறுப்பு கிரானைட்டில் அதே மாவுக் கரைசலைத் தொட்டு விரலால் எழுதினோம். சிலேட்டும் சரிப்படும். சார்ட் பேப்பர் வேண்டாம், ஈரம் பட்டதும் சுருங்கிவிடும். பல தடவை எழுதுங்கள். ஒன்றில் 'கு' நன்றாக வரும், இன்னொன்றில் 'ழ'வின் கீழ்ச்சுழி அழகாக வளையும். நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கிப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். காய்ந்ததும் நிழலான பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள்.

கிம்ப்பில் அந்தப் போட்டோவைத் திறந்து 'லெவல்ஸ்' கருவியில் கறுப்புப் பக்கத்து முக்கோணத்தை நகர்த்துங்கள். கிரானைட்டின் புள்ளியெல்லாம் மறைந்து முழுக் கறுப்பாகும். இதைப் போஸ்டர் மேல் தனி லேயராக வைத்து, லேயர் மோடை 'ஸ்க்ரீன்' என்று மாற்றினால் கறுப்பு காணாமல் போய் வெள்ளை எழுத்து மட்டும் நிற்கும். வெட்டி எடுக்கும் வேலையே இல்லை.

பெயர்ப் பட்டியல் போன்ற சிறு எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன் போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன. கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் தமிழ் ஒழுங்காக வரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் தலைவலி. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடையும். ப்ரெஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய சில பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்றிருக்கும். பிறகு புதிய ஃபைலில் தட்டினால் சரியாக வரும்.

டேக்லைன் கட்டாயமில்லை. "பயத்தின் உச்சம்" மாதிரி எழுதுவதற்குப் பதில் அந்த இடத்தைக் காலியாக விடலாம். நாங்கள் 'நாளைக்கும் மாவு இருக்கும்' என்று போட்டோம்.

4. கோப்பும் அச்சும்

ஏ3இல் முழுதாகச் செய்து முடித்து, அதிலிருந்து மற்ற அளவுகளை வெட்டுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080×1350, ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் 1080×1920. ஸ்டேட்டஸில் மேலேயும் கீழேயும் ஆப்பின் பட்டன்கள் உட்காரும், அங்கே எழுத்து வைக்காதீர்கள். அச்சுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் நீளட்டும். கடைக்காரர் ஓரம் வெட்டும்போது வெள்ளைக் கோடு வராது.

இருட்டான போஸ்டர் எல்லாவற்றுக்கும் அச்சில் ஒரே பிரச்சினைதான். திரையில் தெரிந்த நிழல் விவரம் காகிதத்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். திரை வெளிச்சம் விடுகிறது, காகிதம் விடுவதில்லை. அச்சுக்கென்று ஒரு பிரதி எடுத்து அதில் நிழல்களை உங்களுக்குப் பிடிக்காத அளவுக்குத் தூக்குங்கள். முதலில் ஏ4இல் ஒன்று அடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். சிறு எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக வையுங்கள். சுற்றிலும் கறுப்பு மை இருக்கும்போது மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைபட்டுப் போகும்.

தணிக்கை முத்திரையையும் விழா விருது வளையங்களையும் அழகுக்காக ஒட்டாதீர்கள். இல்லாத சான்றிதழை இருப்பதாகக் காட்டுவது விளையாட்டில்லை. கல்லூரிச் சின்னத்துக்கும் துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

5. டீசர்: ஒரே ஷாட், ஒரே சத்தம்

படத்தின் நல்ல காட்சிகளை எல்லாம் வேகவேகமாக வெட்டி, கடைசியில் ஓர் அலறல் வைப்பது வழக்கம். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்கு நிறைய ஷாட் வேண்டும், இருக்கும் ரகசியமும் போய்விடும். முக்கால் நிமிடத்துக்கு ஒரே அசையாத ஷாட் போதும்.

எங்கள் டீசர் இப்படி: இரவு, கொல்லைப்புறம், கேமரா அசையவில்லை. பூச்சிச் சத்தம். பிறகு மாவாட்டும் சத்தம் மெல்லத் தொடங்குகிறது. ஆட்டுக்கல் கண்ணெதிரே இருக்கிறது, குழவி அசையவில்லை. சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பின்கதவு திறந்து விளக்கு எரிகிறது. சத்தம் நிற்கிறது. கறுப்புத் திரை, பெயர்.

இரவுக் காட்சியை நிஜ இரவில் போனில் எடுத்தால் வெறும் புள்ளிப் புள்ளியாகத்தான் வரும். சூரியன் மறைந்து வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போது எடுங்கள். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு இறக்கினால் காட்சி நீலம் பாரிக்கும், எக்ஸ்போஷரையும் குறைத்தால் இரவாகிவிடும். இரண்டையும் பூட்டி வையுங்கள். பூட்டாவிட்டால் விளக்கு எரிந்ததும் கேமரா தானாக மொத்தக் காட்சியையும் இருட்டாக்கும்.

சத்தத்துக்கு நிஜ ஆட்டுக்கல்லையே சுற்றினோம். ஊறிய அரிசியைவிட உலர்ந்த அரிசி ஒரு பிடி போட்டால் கரகரப்பு நன்றாக வரும். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், வெறும் சூழல் ஒலியையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஓர் ஆக்டேவ் (ஒரு முழு ஸ்தாயி) இறங்கும். கல் ஏதோ பெரிய மிருகம் உறுமுவது போலாகிவிடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். ஹெட்போனில் வயிற்றைப் பிசையும் அந்தக் கனத்த ஒலி, போனின் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. உங்கள் டீசரைப் பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். அதனால் வேகம் குறைத்த ஒலியோடு, அசல் வேகத்தில் உள்ள கரகரப்பையும் மெலிதாக இன்னொரு டிராக்கில் ஓடவிடுங்கள். கனம் கேட்காத ஸ்பீக்கரிலும் கரகரப்பு கேட்கும். கலந்து முடித்ததும் போனில் போட்டு, சமையலறையில் மிக்ஸி ஓடும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒலி அளவை ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (LUFS, ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) வையுங்கள். அதற்கு மேல் கத்தவிட்டாலும் யூடியூப் தானே குறைத்துவிடும்.

சத்தத்தை நம்பிச் செய்த டீசர் என்பதால் முதல் இரண்டு விநாடியில் 'சத்தம் வைத்துக் கேளுங்கள்' என்று திரையில் எழுதுங்கள். ரீல்ஸை மியூட்டில் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் அதிகம். பின்னணி இசை வேண்டுமென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் எடுங்கள். சினிமா பிஜிஎம் ஒன்றை வெட்டி ஒட்டினால் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும்.

6. வெளியிடும்போது

முதலில் போஸ்டர், சில நாள் கழித்து டீசர், அப்புறம் திரையிடும் தேதி. தேதி போஸ்டரில் புதிதாக எதையும் காட்ட வேண்டாம். பெயர், இடம், நேரம், படத்தின் நீளம், சின்னக் குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்ற ஒரு வரி, போதும்.

வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அமுக்கப்பட்டு, இருட்டான பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமென்டாக அனுப்புங்கள். அனுப்பும் முன் படத்தில் லேசாக நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) சேர்த்தால் இருட்டு வரிவரியாகப் பிரிவதும் குறையும்.

சுவரில் ஒட்டும் ஆசை வரும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கல்லூரி நோட்டீஸ் போர்டு, பழக்கமான டீக்கடை என்று கேட்டு ஒட்டுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1999இல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தபோது, படத்தில் வரும் மாணவர்கள் நிஜமாகவே காணாமல் போனதாக நோட்டீஸும் இணையதளமும் செய்தார்கள். விளம்பரப் பாடங்களில் இன்றும் அதைப் புகழ்வார்கள். எங்கள் குழுவிலும் 'குழந்தையைக் காணவில்லை' என்று ஒரு நோட்டீஸ் அடிக்கலாமே என்ற யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம் என்றேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம், சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் படத்துக்குக் கீழே 'இது குறும்பட விளம்பரம்' என்ற வரி இரண்டாவது ஃபார்வர்டிலேயே வெட்டுப்பட்டுவிடும். அதனால் நிஜ நோட்டீஸ், நிஜச் செய்தி, நிஜ போன் நம்பர் போலத் தோன்றும் எதையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளேயும், வெட்ட முடியாத இடத்தில், 'குறும்படம்' என்று எழுதுங்கள். எங்கள் போஸ்டரில் அது பெயருக்கு நேர் கீழே இருக்கிறது.

7. வைவாவுக்கு

கல்லூரி ப்ராஜெக்ட் என்றால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முடிந்த போஸ்டரை மட்டும் கொடுத்து மதிப்பெண் வாங்க முடியாது. நோட்டில் போட்ட இரண்டு பட்டியல், கிறுக்கிய ஸ்கெட்ச், கிரானைட்டில் எழுதிப் பார்த்த பெயர்களின் போட்டோ, லேயர்களோடு உள்ள கிம்ப் ஃபைல், ஏ4 சோதனை அச்சு எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கைத்தடம் ஏன் டீசரில் இல்லை என்று எக்ஸாமினர் கேட்டால், முதல் பக்கத்துப் பட்டியலைத் திருப்பிக் காட்டிவிடலாம்.