லிவிங் வில் எழுதணுமா, முதல்ல போன் எடுக்குற ஆளைப் பாருங்க

எங்க தெருவுல ஒரு பெரியம்மா ஸ்ட்ரோக் வந்து ஐசியூல கிடந்தாவ, வெண்டிலேட்டர் வைக்கட்டுமான்னு டாக்டர் கேக்காரு, மூத்தவன் துபாய்ல, போன் போகல, இளையவன் வைங்கங்கான், மக வேண்டாம்னு அழுறா, ஐசியூ வாசல்லயே ரெண்டு பேருக்கும் சண்டை. "என்னைய குழாய் மாட்டி போட்டிராதீங்க மக்ளே"ன்னு அவிய சொன்னதை நானே கேட்டிருக்கேன். பேப்பர்ல இல்லையே.

அந்த பேப்பர்தான் லிவிங் வில். சொத்து உயில் செத்த பிறகு, இது உசுரோட இருக்கும்போதே, அதுவும் நம்மால சொல்ல முடியாம ஆகி, இனி குணமாகாதுன்னு டாக்டர்மார் முடிவு பண்ணினாதான் வேலைக்கு வரும், அதனால காய்ச்சலுக்குப் போனா பார்க்காம விட்டுருவாங்களோன்னு பயம் வேண்டாம். ஊசி போட்டு சாகடிக்கிறதும் இதுல கிடையாது, அது நம்ம நாட்டுல கூடாது. 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிச்சு, ஆனா மாஜிஸ்ட்ரேட்டும் கையெழுத்து போடணும்னு வச்சுது, அதுக்கு யாரு அலைவா? 2023 ஜனவரில நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் போதும்னு மாத்திட்டாங்க.

எழுதும்போது "கஷ்டப்படுத்தாதீங்க"ன்னு மொட்டையா எழுதாதீங்க, அதை வச்சு எந்த டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது. எந்த நிலைமை வந்தா எது வேண்டாம்னு எழுதணும்: வெண்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்கு வழியா குழாய்ல சாப்பாடு, இதயம் நின்னா நெஞ்சை அமுக்குறது. வலிக்கு மருந்து மட்டும் நிறுத்தக்கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்க.

அடுத்தது உங்களுக்காக முடிவு சொல்ற ஆளு, இதுலதான் நம்ம ஊர்ல தப்பு பண்ணுகோம். மூத்த மவன்னு ஒரே காரணத்துக்காக கல்ஃப்ல இருக்கவன் பேரைப் போட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு ஓடி வருவா? இப்போ ஒண்ணுக்கு மேல பேர் போடலாம், அதனால தக்கலையில இருக்க மக பேரையும் போடுங்க, எல்லாரையும் உக்கார வச்சு முன்னாடியே பேசுங்க. அந்தப் பேச்சுதான் கஷ்டம், மத்தது ஒரு நாள் வேலை.

ரெண்டு சாட்சி வேணும், சொத்துல பங்கில்லாத ஆளா பாருங்க, அவிய முன்னாடியே நீங்க கையெழுத்து போட்டு, அப்படியே நோட்டரி சீல்.

ஒரிஜினலை பத்திரத்தோட லாக்கர்ல பூட்டிட்டா எழுதாத மாதிரிதான். பேர் போட்டவங்களுக்கு, வழக்கமா பார்க்குற டாக்டருக்கு ஆளுக்கு ஒரு காப்பி. பஞ்சாயத்து ஆபீஸ், நாகர்கோவில்னா மாநகராட்சி, அங்கயும் ஒண்ணு கொடுக்கணும், அங்க உள்ளவங்க இது என்னன்னு முழிச்சாலும் விடாம இன்னொரு காப்பில சீல் அடிச்சு வாங்கிக்கோங்க.

சீரியஸ்னா நம்மாளுங்க ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில இருந்து நேரா திருவனந்தபுரம்தானே போறது, தீர்ப்பு அங்கயும் செல்லும், ஆனா தமிழ்ல மட்டும் எழுதினா அங்க உள்ள டாக்டருக்கு வாசிக்கத் தெரியணுமே, இங்கிலீஷ்லயும் எழுதிருங்க.

பேப்பரைக் காட்டின உடனே குழாயை எடுத்திர மாட்டாங்க. பார்க்குற டாக்டரோட இன்னும் ரெண்டு ஸ்பெஷலிஸ்ட் சேர்ந்து ஒரு போர்டு, அப்புறம் வேற டாக்டர்மாரு உள்ள ரெண்டாவது போர்டு, அதுல ஒருத்தர் மாவட்ட மருத்துவ அதிகாரி சொல்ற ஆளு. ஒவ்வொண்ணும் முடிஞ்சவரை 48 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும், அப்புறம் மாஜிஸ்ட்ரேட்டுக்கு தகவல் கொடுத்திட்டுதான் நிறுத்துவாங்க.

மனசு மாறினா எப்ப வேணாலும் ரத்து பண்ணலாம், அதையும் எழுத்துல பண்ணணும். பழைய காப்பி யார் யார்கிட்ட இருக்குன்னு குறிச்சு வச்சிருந்தா திருப்பி வாங்க லேசா இருக்கும்.