பீட்டர்ஸ்பர்கில் ஐந்து நாள்: ஹோட்டல் எடுப்பதிலிருந்து ஊர் சுற்றுவது வரை

முதல் தடவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனபோது நல்ல ஹோட்டலில்தான் அறை எடுத்திருந்தேன். பளிங்குத் தரை, வாசலில் தொப்பி போட்ட ஆள், மெத்தையில் விழுந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஒரே குறை, அது நேவா நதிக்கு அந்தப் பக்கம், வாசிலியெவ்ஸ்கி தீவில் இருந்தது. ஜூன் மாத இரவு ஒன்றே கால் மணிக்கு அரண்மனைப் பாலத்தை நடுவில் பிளந்து மேலே தூக்குவதை இந்தக் கரையில் நின்று வாய் பிளந்து பார்த்தேன். பார்த்து முடித்து ஹோட்டலுக்குக் கிளம்பியபோதுதான் உறைத்தது, நான் கடக்க வேண்டிய பாலமே அதுதான் என்று. மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிட்டது. ஊரை மேற்கே சுற்றிக்கொண்டு போகும் சுங்கச்சாலை ஒன்று இருப்பது அப்போது தெரியாது. மூன்று மணி வரை கருங்கல் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இந்த ஊருக்குச் சொகுசு ஹோட்டல் தேடுபவர்களிடம் நான் முதலில் சொல்வது, நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், வரைபடத்தைப் பாருங்கள் என்பதுதான். இன்னொன்றையும் சொல்வேன். அதைப் படி 5இல் பார்க்கலாம்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை "வெள்ளை இரவுகள்". ஜூன் 21 வாக்கில் சூரியன் மறைய இரவு பத்தரை ஆகும், விடியற்காலை நான்குக்கு முன்பே மறுபடி வந்துவிடும். நடுவில் இருப்பதும் முழு இருட்டு அல்ல. ஊர் தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள். அறையின் திரைச்சீலை வெளிச்சத்தை முழுதாக மறைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும், மூன்றாம் நாள் அருமை புரியும்.

ஜூனில் விலை உச்சத்தில் இருக்கும். மாதத் தொடக்கத்தில் சர்வதேசப் பொருளாதார மாநாடு நடக்கும் நாட்களில் நல்ல ஹோட்டல்கள் முழுவதும் அதிகாரிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் போய்விடும். அப்புறம் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான "சிவப்புப் பாய்மரம்" விழா. அந்த இரவு நதிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. இந்த இரண்டின் தேதியையும் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி 1 முதல் 8 வரை ரஷ்யர்களுக்கே நீண்ட விடுமுறை, அப்போதும் கூட்டம்தான்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. நீரூற்றுகள் ஓடும், படகு ஓடும், இலை மஞ்சளாகத் தொடங்கும், வரிசை குறையும். டிசம்பரில் பகல் வெளிச்சம் சுமார் ஆறு மணி நேரம்தான். நதி உறைந்திருக்கும், படகு கிடையாது. அருங்காட்சியகமும் பாலேயும் போதும் என்பவர்களுக்கு அதுவும் சரி.

படி 2: விசாவும் பணமும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின்விசா உண்டு. ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தங்கும் நாள் வரம்பு இடையில் மாறியிருக்கிறது, விண்ணப்பிக்கும் அன்று அங்கே என்ன போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் நடந்துகொண்டிருக்கும் நாடு இது. நம் தூதரகத்தின் பயண அறிவுரையைப் படியுங்கள். பயணக் காப்பீடு ரஷ்யாவுக்குச் செல்லுமா என்று கேட்டே வாங்குங்கள். ட்ரோன் எச்சரிக்கையால் விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடுவதுண்டு. எனவே திரும்பும் வழியில் இணைப்பு விமானத்துக்கு நிறைய இடைவெளி விடுங்கள்.

பணம்தான் பெரிய விஷயம். 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்யாது. ஏடிஎம்மிலும் வராது, ஹோட்டல் வரவேற்பிலும் வராது. நாம் வழக்கமாக அறை பிடிக்கும் புக்கிங் டாட் காமும் அங்கே சேவையை நிறுத்திவிட்டது. ஆகவே ரொக்கம். டாலர் அல்லது யூரோ, புதுத் தாளாக, மடிப்போ பேனாக் கீறலோ இல்லாமல் எடுத்துப் போய் அங்குள்ள வங்கியில் ரூபிளாக மாற்றுங்கள். நம் ரூபாயை எடுத்துப் போய்ப் பயனில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிநாட்டுப் பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலர்தான் எடுக்கலாம் என்ற ரிசர்வ் வங்கி வரம்பு ரஷ்யாவுக்குப் பொருந்தாது. உங்கள் அந்நியச் செலாவணி முழுவதையும் தாளாகவே வாங்கிக்கொள்ளலாம். பணம் மாற்றித் தரும் கடைக்காரருக்கே சிலசமயம் இது நினைவிருக்காது, எடுத்துச் சொல்லுங்கள். ரஷ்யாவில் நுழையும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

படி 3: வரைபடத்தில் ஒரு முக்கோணம்

நேவா நதியின் தென்கரை, நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட் என்ற நாலரை கிலோமீட்டர் நீளப் பெருந்தெரு, ஃபொன்டாங்கா என்ற சிற்றாறு. இவற்றுக்கு நடுவே உள்ள பகுதியை உள்ளூர்க்காரர்கள் "தங்க முக்கோணம்" என்பார்கள். அதற்குள், அல்லது அதை ஒட்டிய ஈசாக் சதுக்கத்தில் அறை கிடைத்தால் முக்கால்வாசி இடங்களுக்கு நடந்தே போகலாம். பாலம் தூக்கினாலும் கவலையில்லை.

பழைய பெரிய ஹோட்டல்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. 1875இல் திறந்த கிராண்ட் ஹோட்டல் யூரோப், நெவ்ஸ்கியிலிருந்து திரும்பும் மிகைலோவ்ஸ்கயா தெருவில். கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது, ஃபில்ஹார்மோனிக் அரங்கம் நேர் எதிரே. 1912இல் லித்வால் என்ற கட்டிடக் கலைஞர் கட்டிய அஸ்டோரியா, ஈசாக் பேராலயத்தைப் பார்த்தபடி. பக்கத்திலேயே ஆங்கிலெத்தெர். கவிஞர் யெசெனின் 1925இல் இறந்துபோனது அந்த ஹோட்டலில்தான், ஆனால் இப்போது நிற்பது 1980களில் இடித்துத் திரும்பக் கட்டியது. சதுக்கத்தின் இன்னொரு பக்கம், வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள் காவல் இருக்கும் லோபனோவ்-ரொஸ்தோவ்ஸ்கி மாளிகை. ஈசாக் பேராலயத்தைக் கட்டிய அதே மோன்ஃபெரான் வடிவமைத்தது, 2013இல் ஹோட்டலாகத் திறந்தது.

2022க்குப் பிறகு மேரியட் உட்படச் சில பன்னாட்டு நிறுவனங்கள் ரஷ்யாவிலிருந்து விலகிவிட்டன. கட்டிடம் அதேதான், பெயர்ப்பலகை மாறியிருக்கும். பழைய பெயரை வைத்துத் தேடி, மூடிவிட்டார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். ஹோட்டலின் முகவரியை ரஷ்யர்களின் கூகுள் மேப்பான யாண்டெக்ஸ் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

படி 4: அறையைக் கேள்வி கேளுங்கள்

ஹோட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள், ஆங்கிலத்திலேயே. பெரிய ஹோட்டல்கள் பதில் போடும். நான் கேட்பவை இவை.

ஜன்னல் எதைப் பார்க்கிறது? இந்த ஊர்க் கட்டிடங்களுக்கு முகம் ராஜா மாதிரி, முதுகு கிணறு மாதிரி. நாலு பக்கமும் சுவர் எழும்பிய குறுகிய முற்றங்களை அவர்களே "கிணறு" என்றுதான் சொல்கிறார்கள். "வித் வோ த்வோர்" என்று போட்டிருந்தால் முற்றம் பார்த்த அறை. அமைதியாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் எதிர்ச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க வெளியே சுற்றுபவர்கள் தாராளமாக அதை எடுத்து மிச்சம் பிடிக்கலாம்.

எத்தனையாவது தளம்? ரஷ்யாவில் தரைத்தளமே முதல் தளம். "இரண்டாவது மாடியில் தருகிறோம்" என்றால் நம் கணக்கில் அது முதல் மாடி.

குளிர்சாதனம் உண்டா? வடக்கே இருக்கும் ஊருக்கு எதற்கு என்று சிரிக்காதீர்கள். ஜூலையில் 30 டிகிரி தொடும் நாட்கள் வரும், ஜன்னலைத் திறந்தால் கொசு.

பணத்தை வந்த பிறகு ரொக்கமாகக் கட்டலாமா, முன்பணம் வேண்டுமா, ரத்து செய்தால் என்ன? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். நேரடியாகப் பேச விருப்பமில்லை என்றால் ரஷ்யப் பயணம் ஏற்பாடு செய்யும் முகவர் மூலம் போகலாம்.

இணையத்தில் அழகழகான வாடகை வீடுகளும் கண்ணில் படும். முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பேன். வெளிநாட்டவர் தங்கும் இடத்தைக் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டல் என்றால் கடவுச்சீட்டையும், நாட்டுக்குள் நுழையும்போது தரும் குடியேற்ற அட்டையையும் நகலெடுத்து அவர்களே செய்துவிடுவார்கள், வீட்டுக்காரர் செய்வாரா என்பது அவரைப் பொறுத்தது. அதோடு, கோடையில் குழாய்களைச் சோதிக்க ஒவ்வொரு பேட்டையாக இரண்டு வாரம் வரை வெந்நீரை நிறுத்துவார்கள். பெரிய ஹோட்டல்களில் சொந்தக் கொதிகலன் இருக்கும்.

படி 5: கான்சியர்ஜ் மேசை

மேலே சொன்ன அந்த இன்னொன்று இதுதான். அருங்காட்சியகச் சீட்டு, பாலே, ரயில், படகு எல்லாமே இப்போது இணையத்தில், நேரம் குறித்து வாங்குவது. நம் அட்டை அங்கே செல்லாது. வெளிநாட்டவர் உள்ளூர் சிம் வாங்குவதும் 2025 ஜனவரியிலிருந்து முகம், குரல் பதிவு என்று சிக்கலாகிவிட்டது. மொழியோ ரஷ்யன், எழுத்தோ கிரில்லிக். இத்தனைக்கும் ஒரே தீர்வு, வரவேற்பறையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கான்சியர்ஜ், அதாவது விருந்தினர் உதவியாளர். அவர் தன் கணக்கில் சீட்டு எடுத்துத் தருவார், நீங்கள் ரூபிளாகக் கொடுப்பீர்கள். டாக்சியும் வாசல்காரரே கூப்பிட்டுத் தருவார். சொகுசு ஹோட்டலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பாதி, என் கணக்கில், இந்த மேசைக்குத்தான்.

அதனால் அறை உறுதியான அன்றே அவருக்கு எழுதுங்கள்: இன்ன தேதி ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம், இன்ன தேதி பாலே நடக்கும் மரின்ஸ்கி அரங்கம். பதில் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதே ஹோட்டலின் தரத்தைச் சொல்லிவிடும். எனக்கு ஒரு ஹோட்டலிலிருந்து பத்து நாள் பதிலே வரவில்லை, அறையை ரத்து செய்துவிட்டேன்.

படி 6: மூடும் கிழமைகளை வைத்துத் திட்டம் போடுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு "விகத்னோய்", அதாவது விடுமுறை உண்டு. ஹெர்மிடாஜும் குன்ஸ்ட்காமெரா அருங்காட்சியகமும் திங்கள். யெகதெரீனா (ஆங்கிலத்தில் கேத்தரின்) அரண்மனையும் ரஷ்ய அருங்காட்சியகமும் செவ்வாய். ஈசாக் பேராலயமும் "சிந்திய குருதி" தேவாலயமும் புதன். பருவத்தைப் பொறுத்து மாற்றுவதும் உண்டு, போகும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஞாயிறு இரவு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

திங்கள் தேவாலயங்கள். காலையில் ஈசாக், இருநூற்றுச் சொச்சம் படி ஏறினால் ஊர் முழுக்க ஒரே உயரத்தில் கூரைகளாகத் தெரியும். பிறகு நடந்தே கசான் பேராலயம், அங்கிருந்து கால்வாயோரமாக "சிந்திய குருதி". 1881இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் மீது குண்டு வீசிய அதே இடத்தில் எழுப்பியது. உள்ளே 7,000 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடிச் சில்லு ஓவியம். வெளியே எல்லோரும் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், சீட்டு வாங்கி உள்ளே போங்கள்.

செவ்வாய் ஹெர்மிடாஜ். 1764இல் பேரரசி இரண்டாம் யெகதெரீனா ஓவியங்களை வாங்கிக் குவிக்கத் தொடங்கியது, இன்று 30 லட்சம் பொருள். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பாதீர்கள். ஜோர்டான் படிக்கட்டு, மயில் கடிகாரம், லியொனார்டோவின் இரண்டு மாதாக்கள், ரெம்பிராண்டின் "ஊதாரி மைந்தன்". மூன்று மணி நேரத்தில் கால் கெஞ்சும். வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு, சதுக்கத்துக்கு எதிர்ப்புறம் உள்ள தலைமைத் தளபதியகக் கட்டிடத்துக்குப் போங்கள். மத்தீஸின் "நடனம்" அங்கேதான் இருக்கிறது, கூட்டமும் குறைவு.

புதன் பீட்டர்ஹாஃப், நீரூற்றுகளுக்குப் பேர்போன அரண்மனைத் தோட்டம். அரண்மனைக் கரையிலிருந்து "மெத்தியோர்" என்ற விரைவுப் படகு, முக்கால் மணிக்குள் சேர்த்துவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நீரூற்றுகள் ஓடும். சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து நீர் 20 மீட்டர் எழும்பும். இதில் பம்பு ஒன்றுகூடக் கிடையாது. மேட்டு நிலத்து ஊற்றுகளிலிருந்து 1721இல் வெட்டிய கால்வாய் வழியே வரும் நீர், தன் எடையாலேயே பீறிடுகிறது. காலை 11 மணிக்கு இசையோடு திறந்துவிடுவார்கள், அதற்கு முன் போய் நில்லுங்கள்.

வியாழன் புஷ்கின் நகரம், யெகதெரீனா அரண்மனை. 1941இல் ஜெர்மானியர் பெயர்த்துக்கொண்டு போன, சுவரெல்லாம் அம்பர் என்ற மஞ்சள் மரப்பிசின் கல் பதித்த அம்பர் அறையைப் பல ஆண்டு உழைத்து மீண்டும் உருவாக்கி 2003இல் திறந்தார்கள். போக வர, பார்க்க எல்லாம் சேர்த்து ஒரு நாள் எடுக்கும். இரவு பாலே வைத்துக்கொள்ளாதீர்கள், தூங்கிவிடுவீர்கள். பாலேவுக்கு செவ்வாய் மாலை நல்லது.

வெள்ளி மிச்சம். பீட்டர்-பால் கோட்டையில் நண்பகல் 12க்குப் பீரங்கி வெடிக்கும். ஜார் மன்னர்களின் கல்லறைகளும் அங்கேதான். நம்மவர்கள் தவறவிடக் கூடாதது குன்ஸ்ட்காமெரா. இந்த ஊரை நிறுவிய மன்னர் பீட்டர் சேர்த்த விசித்திரங்களைப் பார்க்கவே எல்லோரும் வருகிறார்கள். நான் நின்றது இந்தியப் பகுதியில். மெர்வார்ட் என்ற ரஷ்ய ஆய்வாளர் தம்பதியர் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து இந்த அருங்காட்சியகத்துக்குப் பொருள்கள் சேர்த்தார்கள்.

படி 7: சாப்பாடு, சில்லறை விஷயங்கள்

சைவம் சாப்பிடுபவர்கள் "போஸ்ட்னோயெ" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரத உணவு, இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாதது. ஈஸ்டருக்கு முந்தைய விரதக் காலத்தில் பல உணவகங்களில் இதற்கென்றே தனிப் பட்டியல் இருக்கும். ஹோட்டல் காலை உணவில் பக்வீட் கஞ்சி, பாலாடைக்கட்டியில் செய்யும் சீர்னிகி, மெல்லிய தோசை போன்ற ப்ளினி கிடைக்கும். பல்ஷயா கன்யூஷென்னயா தெருவில் 1958 முதல் நடக்கும் கடையில் சீனி தூவிய சுடச்சுட "பீஷ்கி". நம் ஊர் இனிப்பு வடை மாதிரி ஓட்டை போட்டது, மூன்றுக்குக் குறைவாக யாரும் வாங்குவதில்லை.

ஆஃப்லைன் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் அங்கே முடக்கப்பட்டவை, வாட்ஸ்அப்பையும் நம்ப முடியாது. "சேர்ந்ததும் பேசுகிறேன்" என்று வீட்டில் சத்தியம் செய்யாதீர்கள். குடியேற்ற அட்டையைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துவிடுங்கள், வெளியேறும்போது கேட்பார்கள். காலி செய்யும் காலை, பதிவுச் சீட்டின் நகலை வரவேற்பில் கேட்டு வாங்கிக்கொண்டு டாக்சி ஏறுங்கள்.