மலைப் பகுதி ஆய்வுக் கட்டுரையை நேர்மையாக வெளியிடுவது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கான வழிகாட்டி

ஆய்வகத்தில் செய்த சோதனையில் சந்தேகம் வந்தால் இன்னொரு ஆய்வகம் அதையே திரும்பச் செய்து பார்க்கலாம். மலையில் அது லேசில் நடக்காது. 5,000 மீட்டர் உயரத்தில் நீங்கள் எடுத்த பாறை மாதிரியையோ, பனிப்பாறை முகப்பில் நட்டு வைத்த அளவுகோலையோ பார்க்க மதிப்பாய்வாளர் (வெளியிடும் முன் உங்கள் கட்டுரையை ஆய்விதழுக்காகப் படித்துச் சரிபார்க்கும் துறை வல்லுநர்) ஏறி வரப்போவதில்லை. உங்கள் கட்டுரையில் இருப்பதை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும்.

இந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இமயமலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1989-இல் ஆஸ்திரேலியத் தொல்லுயிரியலாளர் ஜான் டாலண்ட் நேச்சர் இதழில் ஒரு குற்றச்சாட்டை வைத்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் விஸ்வஜித் குப்தா இமயமலையில் கிடைத்தவை என்று வெளியிட்டிருந்த புதைபடிவங்களில் பல, உண்மையில் மொராக்கோ, நியூயார்க் போன்ற இடங்களைச் சேர்ந்தவை என்று அவர் காட்டினார். அதற்குள் ஏறத்தாழ 25 ஆண்டுகளாக குப்தாவின் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்துவிட்டன. பலவற்றில் மாதிரி கிடைத்த இடம் யாரும் தேடிப்போய்ச் சரிபார்க்க முடியாத அளவுக்கு மொட்டையாகச் சொல்லப்பட்டிருந்தது. கூட்டு ஆசிரியர்களில் பலர் மாதிரிகள் எங்கிருந்து வந்தன என்பதை நேரில் பார்க்கவே இல்லை. இமயமலையின் நிலவியல் பற்றிய ஆவணங்களில் எது நிஜம், எது பொய் என்று பிரிப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

கீழே சொல்லும் எல்லாப் படிகளிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த இடத்துக்கு வரவே முடியாத ஒருவர், நான் சொல்வதைச் சரிபார்க்க வழி வைத்திருக்கிறேனா?

படி 1: ஏறுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள்

காப்பகப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி, எல்லைப் பகுதி என்றால் அதற்குரிய அனுமதி, மனிதர்களிடம் பேட்டி எடுப்பதானால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல். இவற்றின் எண்களையும் தேதிகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்கும்போது ஆய்விதழ் கேட்கும். பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்க முடியாது என்பதால் இதில் தவறினால் சரிசெய்ய வழியில்லை.

செடி, விதை, நுண்ணுயிர் ஆகியவற்றை எடுத்துப்போவதானால் நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2014-இல் நடைமுறைக்கு வந்தது. மரபு வளத்தை எடுப்பதற்கு முன்பே அந்த நாட்டின் ஒப்புதலைப் பெற்று, பலனைப் பகிர்வது பற்றிப் பேசி முடித்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அப்புறம், ஊர்க்காரர்களின் ஒப்புதல். ஊர்த் தலைவர் சரி என்றதால் எல்லோரும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேய்ச்சலுக்குப் போகும் பெண்களிடம் பேச வேண்டுமானால் அவர்களிடமே கேளுங்கள். மலைக் கிராமங்களில் இருபது, முப்பது வீடுகள்தான் இருக்கும். ‘55 வயது மூலிகை வைத்தியர்’ என்று எழுதினாலே யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், பெயரை மறைத்துப் பயனில்லை. இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: களத்தில் குறிப்பெடுப்பதிலேயே மதிப்பாய்வு தொடங்குகிறது

உயரத்தை எழுதும்போது அது எதிலிருந்து அளந்தது என்பதையும் எழுதுங்கள். ஜி.பி.எஸ். அடிப்படையில் தருவது பூமியின் வடிவத்துக்கான நீள்வட்டக் கோள மாதிரியிலிருந்து கணக்கிட்ட உயரம். வரைபடங்களில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் சில பத்து மீட்டர்கள் வரை வித்தியாசம் வரலாம். மரக்கோடு (மரங்கள் வளரும் உயரத்தின் எல்லை) எவ்வளவு மேலே நகர்ந்தது என்று கட்டுரை எழுதுபவருக்கு இது ஒன்றே முடிவைத் தலைகீழாக்கிவிடும்.

செயற்கைக்கோள் உயரத் தரவு என்றால் அது எடுக்கப்பட்ட காலத்தைக் குறியுங்கள். பலரும் பயன்படுத்தும் எஸ்.ஆர்.டி.எம். என்ற விண்வெளி ரேடார் தரவு 2000 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. அதற்குப் பின் பல பனிப்பாறைகளின் மேற்பரப்பு கணிசமாகத் தாழ்ந்திருக்கிறது. அந்த ரேடார் பனிக்குள் ஊடுருவவும் செய்யும். கவனமான மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

பனிப்பொழிவால் போக முடியாத நாள்கள், பழுதான கருவி, விட்டுப்போன அளவீடு எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். இடைவெளியை நிரப்பக் கணித முறையைப் பயன்படுத்தினால், எந்த எண் அளந்தது, எந்த எண் கணித்தது என்று பிரித்துக் காட்டுங்கள். இதை மறைப்பது தரவைப் புனைவதற்கு மிக அருகில் போய்விடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

படி 3: பெயர்ப் பட்டியலை முதலிலேயே பேசிவிடுங்கள்

மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் இன்று மற்ற துறைகளுக்கும் அளவுகோலாக இருக்கின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பது: நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்தவர், துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்க்கக் கூடாது.

மலை ஆய்வில் இதன் மறுபக்கம்தான் அதிகம் நடக்கிறது. எந்தச் சரிவில் எந்தச் செடி எப்போது பூக்கும் என்று காட்டிக்கொடுத்த வழிகாட்டி, ஆண்டு முழுக்க மழைமானியைப் பார்த்துக் குறித்த பள்ளி ஆசிரியர் ஆகியோர் நன்றியுரையில்கூட வருவதில்லை. வெளியிலிருந்து வந்து தரவை எடுத்துக்கொண்டு போய்விடுவதை ‘ஹெலிகாப்டர் ஆய்வு’ என்கிறார்கள். இப்படி உதவிய உள்ளூர்க்காரர்களின் அறிவு உங்கள் முடிவைத் தீர்மானித்திருந்தால், கட்டுரையைத் திருத்துவதில் பங்கேற்க அழையுங்கள். வரைவை அவர்கள் மொழியில் படித்துக்காட்டி அவர்கள் சொல்வதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது நிபந்தனைகளும் நிறைவேறும்.

படி 4: மேற்கோளின் வேர் வரை போங்கள்

ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துவிட வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு பத்தி இருந்தது. ஆதாரமாகக் காட்டியது ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005 அறிக்கை. அந்த அறிக்கை 1999-இல் வந்த ஓர் அறிவியல் வார இதழ்ச் செய்தியைக் காட்டியது. சக மதிப்பாய்வுக்கு உட்பட்ட ஆய்வு எதுவும் அதன் அடியில் இல்லை. 1996-இல் வந்த வேறோர் ஆவணத்தில் இருந்த 2350 என்ற ஆண்டே 2035 ஆகியிருக்கலாம் என்றும் சுட்டிக்காட்டப்பட்டது. 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது. பனிப்பாறைகள் உருகுவது உண்மை; ஆனால் ஆதாரமில்லாத ஓர் ஆண்டு, அந்த உண்மையையே சந்தேகிக்க மற்றவர்களுக்கு இடம் கொடுத்தது.

ஆகவே ஒரு எண்ணை எடுத்தால், அதை அளந்தவரின் கட்டுரையையே திறந்து படியுங்கள். தலைப்பிலும் நிதானம் வேண்டும். இமயமலை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளம். நீங்கள் பார்த்தது ஒரு பள்ளத்தாக்கு என்றால் தலைப்பில் அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான் வர வேண்டும்.

படி 5: இதழைத் தேர்ந்தெடுங்கள்

மலைப் பகுதிகளுக்கென்றே இதழ்கள் உண்டு. மவுண்டன் ரிசர்ச் அண்ட் டெவலப்மெண்ட் 1981-இலிருந்து வருகிறது. ஜர்னல் ஆஃப் மவுண்டன் சயின்ஸ் சீனாவின் செங்டுவிலிருந்து வெளிவருகிறது. சில நாள்களில் ஏற்றுக்கொள்வோம் என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழ்களை விட்டு விலகுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே அங்கே இருக்கிறார்களா, இதழ் டி.ஓ.ஏ.ஜே. எனப்படும் திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலில் உள்ளதா, ‘கோப்’ எனப்படும் பதிப்பு நெறிமுறைக் குழுவில் உறுப்பினரா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள்.

படி 6: மதிப்பாய்வை எதிர்கொள்வது

பதிப்பாசிரியர் முதலில் பார்த்து, பொருந்தாதவற்றை அப்போதே திருப்பிவிடுவார். தாண்டினால் பெரும்பாலும் இரண்டு, மூன்று பேரிடம் போகும். ஒற்றை மறைவு முறையில் அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியும். இரட்டை மறைவில் தெரியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட பனிப்பாறையில் வேலை செய்யும் குழு உலகத்திலேயே ஒன்றோ இரண்டோதான் என்றால், இடத்தின் பெயரே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முரண்படும் நலன்களை (நடுநிலையைப் பாதிக்கக்கூடிய உறவு, லாபம் போன்றவற்றை) நீங்களாகவே அறிவிப்பது இங்கே இன்னும் முக்கியம். உங்களோடு களத்துக்கு வந்தவரையோ, சமீபத்தில் சேர்ந்து எழுதியவரையோ மதிப்பாய்வாளராகப் பரிந்துரைக்காதீர்கள்.

மதிப்பாய்வு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? பனி, பனிப்பாறை ஆய்வுகளை வெளியிடும் தி கிரையோஸ்பியர் இதழில் மதிப்பாய்வுக் கருத்துகளும் ஆசிரியர்களின் பதில்களும் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. உங்கள் துறைக்கு நெருக்கமான சிலவற்றை முழுதாகப் படியுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் இது உதவும்.

கருத்துகள் வந்ததும் அன்றே பதில் எழுத வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்த வரியில் என்று சொல்லுங்கள். ஏற்கவில்லை என்றால் ஆதாரத்தோடு மறுங்கள். அது தவறே அல்ல. ‘இன்னொரு பருவம் அளவெடுக்கவும்’ என்று கேட்டால், பாதை திறந்திருக்கும் காலம் குறைவு என்பதைச் சொல்லி, அந்தக் குறைபாட்டைக் கட்டுரைக்குள்ளேயே எழுதி, முடிவின் வீச்சைச் சுருக்குங்கள். தன் கட்டுரைகளை மட்டும் மேற்கோள் காட்டும்படி ஒருவர் வற்புறுத்தினால் பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள்.

படி 7: தரவைத் திறந்து வையுங்கள், எல்லாவற்றையும் அல்ல

தரவை ஸெனோடோ, பாங்கேயா போன்ற களஞ்சியங்களில் சேர்த்து, தரவுக்குக் கிடைக்கும் நிரந்தர அடையாள எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள். ஆனால் அரிய ஆர்க்கிட், பனிச்சிறுத்தையின் குகை, திருடர்கள் தேடும் மூலிகை ஆகியவற்றின் துல்லிய இருப்பிடத்தை வெளியிடாதீர்கள். பொதுவில் வரைபடத்தின் பெரிய கட்டம் ஒன்றை மட்டும் தோராயமாகச் சொல்லிவிட்டு, மதிப்பாய்வாளருக்கு மட்டும் முழு விவரத்தைத் தர முடியுமா என்று பதிப்பாசிரியரிடம் கேளுங்கள். ஊரின் புனிதத் தலங்களுக்கும் இதே முறைதான்; எதைக் காட்டலாம் என்பதை ஊரே சொல்லட்டும்.

படி 8: வெளியான பிறகு

பிழை கண்ணில் பட்டால் பதிப்பாசிரியருக்கு உடனே எழுதுங்கள். முடிவைப் பாதிக்காத பிழைக்குத் திருத்தக் குறிப்பு. முடிவையே நம்ப முடியாமல் போனால் கட்டுரையைத் திரும்பப் பெறுவது. கட்டுரையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எழுதி, தகவல் தந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். வெள்ளம், நிலச்சரிவு அபாயம் பற்றிய முடிவு என்றால் இதழ் வெளியாகும்வரை காத்திருக்காமல் பொறுப்பான துறைக்கு முதலிலேயே தெரிவியுங்கள்.

சில நாள்களில் உங்களுக்கே மதிப்பாய்வு அழைப்பு வரலாம். உங்கள் போட்டிக் குழு அதே பள்ளத்தாக்கில் செய்த வேலையாக இருந்தால் மறுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டால், வெளிவராத அந்தத் தரவை உங்கள் வேலையில் தொடாதீர்கள். கையெழுத்துப்படியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் பதிவேற்றவும் வேண்டாம். முதலில் களம் பற்றிய பகுதியைப் படியுங்கள்: இடம், உயரம், தேதி, யார் போனார்கள் என்ற நான்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.